இன்னும் கொஞ்சம் திருத்த வேண்டும்

'ஜாலான் புசார்' என்றால் மலாய் மொழியில் 'பெரிய சாலை' என்று பொருள். விரைவுச்சாலைகளைப் பார்த்துப் பழகிய நமக்கு அந்தப் பெயர் சற்றுச் சிரிப்பை வரவழைக்கலாம். விளக்குக் கடைகள், குளியலறைப் பொருள்கள் விற்கும் கடைகள், பழைய கடைவீடுகள், அவற்றுக்குப் பின்னால் வீவக அடுக்குமாடிகள் என்று எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் வட்டாரம் அது. அங்கிருந்து தேக்காவுக்கு நடந்தே போய்விடலாம். என் அண்ணன் குடும்பம் அங்கேதான் எட்டாவது மாடியில் குடியிருக்கிறது.

சென்ற ஆண்டு ஒரு புதன்கிழமை இரவு நான் அவர்கள் வீட்டில் தங்க நேர்ந்தது. தண்ணீர் குடிக்க எழுந்தபோது மணி ஒன்றரை. கூடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு வரலாறு படிக்கும் அண்ணன் மகள் நாற்காலிமேல் ஏறி நின்று மின்விசிறியின் இறக்கைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, இந்த நேரத்திலா?" என்றேன்.

"தூசியாக இருந்தது, சித்தப்பா."

மேசையில் மடிக்கணினி திறந்திருந்தது. திரையில் கோப்புகள் வரிசையாகத் தெரிந்தன: 'இறுதி', 'இறுதி 2', 'உண்மையான இறுதி', 'இதுதான் இறுதி'. மொத்தம் பதினொன்று எண்ணினேன். ஒன்றைத் திறந்து காட்டச் சொன்னேன். கட்டுரை, ஜாலான் புசாரில் முன்பு இருந்த 'நியூ வோர்ல்ட்' கேளிக்கைப் பூங்காவைப் பற்றியது. 1923ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பூங்கா அது. பங்சாவான் நாடகம், குத்துச்சண்டை, நடன அரங்கு என்று இரவெல்லாம் கலகலப்பாக இருந்த இடம். இன்று அங்கே பெரிய கடைத்தொகுதி ஒன்று நிற்கிறது. பூங்காவின் பழைய நுழைவாயில் மட்டும் அதன் அருகே இருக்கிறது. பள்ளிக்குப் போகும்போதும் வரும்போதும் அந்த வாயிலைப் பார்த்து வளர்ந்தவள் அவள். அதனால்தான் இந்தத் தலைப்பைத் தேர்ந்தெடுத்தாள்.

முதல் பத்தி அருமையாக இருந்தது. இரண்டாவது கோப்பிலும் முதல் பத்தி அருமையாக இருந்தது, ஆனால் வேறு பத்தி. மூன்றாவதிலும் அப்படியே. எந்தக் கோப்பிலும் முடிவுரை இல்லை.

"எப்போது ஒப்படைக்க வேண்டும்?"

"வெள்ளிக்கிழமை இரவு 11.59க்குள்."

"பிறகு என்ன? இரண்டு நாள் இருக்கிறதே!"

அவள் நாற்காலியிலிருந்து இறங்கி உட்கார்ந்தாள். பூங்காவின் நுழைவுக் கட்டணம் எவ்வளவு என்று அக்கம்பக்கத்துப் பெரியவர்கள் இருவரிடம் கேட்டிருக்கிறாள். ஒருவர் ஒரு தொகையைச் சொல்ல, இன்னொருவர் வேறொரு தொகையைச் சொல்லியிருக்கிறார். எது சரி என்று தெரியாமல் மேலே எழுத மனம் வரவில்லையாம். அதைப் பற்றியே நான்கு இரவுகள் யோசித்திருக்கிறாள். புத்தக அலமாரியை அடுக்கியிருக்கிறாள். பேனாக்களை நிறவாரியாகப் பிரித்திருக்கிறாள். இப்போது மின்விசிறியின் முறை.

பிறகு குரலைத் தாழ்த்தி இன்னொன்றையும் சொன்னாள். இந்தப் பருவத்தின் முதல் கட்டுரையை அவள் ஒப்படைக்கவே இல்லை. அதற்குப் பூஜ்ஜியம். இதையும் விட்டுவிட்டால் அந்தப் பாடத்தில் தேர்ச்சி கிடைக்காது. வீட்டில் யாருக்கும் அது தெரியாது. அவள் அப்பா, "எப்போது பார்த்தாலும் கைப்பேசியே கதி" என்று குறைபட்டுக்கொண்டிருந்தார். அம்மாவோ, "பாவம், ராத்திரி பகலாகப் படிக்கிறாள்" என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தார். இரண்டுமே சரியில்லை. அவள் சோம்பேறியும் இல்லை, படித்துக்கொண்டும் இல்லை. அவள் பயந்துகொண்டிருந்தாள்.

குறை ஒன்றுமே இருக்கக்கூடாது, இருந்தால் நான் ஒன்றுக்கும் உதவாதவள் என்று எண்ணும் மனநிலையை உளவியலாளர்கள் 'முழுமைவாதம்' என்கிறார்கள். வேலையை நன்றாகச் செய்ய வேண்டும் என்ற விருப்பமும் முழுமைவாதமும் ஒன்றல்ல. வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும்; இரண்டு பேருமே இரவில் விழித்திருப்பார்கள். வேறுபாடு ஒரே இடத்தில் தெரியும். நன்றாகச் செய்ய விரும்புபவர் வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு, "எப்படி இருக்கிறது?" என்று கேட்பார். முழுமைவாதி அந்தக் கேள்வியைக் கேட்கும் நிலை வராமலேயே பார்த்துக்கொள்வார்.

இதைப் படித்துவிட்டு, "அப்படியானால் அரைகுறையாகச் செய்தால் போதுமா?" என்று யாரும் மகிழ்ந்துவிட வேண்டாம். பாலம் கட்டும் பொறியாளரும் அறுவைச் சிகிச்சை செய்யும் மருத்துவரும் 'பரவாயில்லை' என்று விட்டுவிட்டால் நம் கதி என்னவாகும்? ஆனால், அவர்களும் தங்கள் வேலையைத் தனியாக அறைக்குள் பூட்டி வைத்துக்கொள்வதில்லை. ஒருவர் போட்ட கணக்கை இன்னொருவர் சரிபார்ப்பார். தவறு கண்டுபிடிக்கப்படுவது அவர்கள் தொழிலில் ஒரு பகுதி.

சரி, நன்றாகப் படிக்கும் பிள்ளை ஏன் தன் காலில் தானே கட்டையைப் போட்டுக்கொள்ள வேண்டும்? இதற்கு விடை தேடிய ஆய்வு ஒன்று 1978ஆம் ஆண்டில் வெளிவந்தது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்வர்ட் ஜோன்ஸ் என்ற உளவியலாளரும் ஸ்டீவன் பெர்க்லாஸ் என்பவரும் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு தேர்வு வைத்தனர். ஒரு பிரிவினருக்கு விடை காணக்கூடிய வினாக்கள். மற்றப் பிரிவினருக்குக் கொடுத்தவற்றில் பல, விடையே இல்லாத வினாக்கள். குருட்டாம்போக்கில்தான் எதையாவது குறிக்க முடியும். தேர்வு முடிந்ததும் எல்லாரிடமும், "மிக நன்றாகச் செய்திருக்கிறீர்கள்!" என்று பாராட்டினர்.

அடுத்து இன்னொரு தேர்வு நடக்கும், அதற்கு முன் இரண்டு மருந்துகளில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள் என்றனர். ஒன்று மூளையைச் சுறுசுறுப்பாக்குமாம், மற்றது மந்தமாக்குமாம். இரண்டும் ஆய்வுக்காகப் புனைந்த கற்பனை மருந்துகள்தாம். நீங்களாக இருந்தால் எதை எடுப்பீர்கள்? சுறுசுறுப்பாக்கும் மருந்தைத்தானே? ஆனால், விடையில்லாத வினாக்களுக்குப் பாராட்டு வாங்கிய ஆண் மாணவர்களில் பெரும்பாலோர் மந்தமாக்கும் மருந்தையே கேட்டனர்!

யோசித்துப் பார்த்தால் அதில் ஒரு கணக்கு இருக்கிறது. முதல் முறை எப்படி வெற்றி பெற்றோம் என்பது அவர்களுக்கே புரியவில்லை. இரண்டாம் முறை அதே வெற்றி வருமா என்ற ஐயம் இருந்தது. மந்தமாக்கும் மருந்தைக் குடித்துவிட்டால், தோற்றாலும் "மருந்தால்தான் தோற்றேன்" என்று சொல்லிக்கொள்ளலாம். கெட்டிக்காரர் என்ற பெயருக்குக் கீறல் விழாது. தோல்விக்கு முன்பே சாக்கைத் தயார் செய்து வைக்கும் இந்த வழக்கத்தைத் 'தனக்குத்தானே தடை போட்டுக்கொள்ளுதல்' என்றனர் அந்த ஆய்வாளர்கள்.

நம் மாணவர்கள் மருந்து எதையும் குடிப்பதில்லை. கடைசி நாள்வரை தொடங்காமல் இருக்கிறார்கள். தேர்வுக்கு முதல் நாள் இரவு முழுதும் விழித்திருக்கிறார்கள். ஒரே நேரத்தில் நான்கு இணைப்பாட நடவடிக்கைகளில் சேர்ந்துகொள்கிறார்கள். "படிக்கவே இல்லை" என்று தேர்வு மண்டபத்தின் வாசலில் ஊருக்கே கேட்கும்படி சொல்கிறார்கள். மின்விசிறியைத் துடைக்கிறார்கள். வேலை ஒன்றுதான்: குறைந்த மதிப்பெண் வந்தால் பழியை ஏற்றுக்கொள்ள ஒரு காரணம் வேண்டும், அந்தக் காரணம் திறமையாக மட்டும் இருக்கக்கூடாது.

தொடக்கநிலை ஒன்றிலிருந்தே 'கெட்டிக்காரி' என்று பெயர் வாங்கியவள் என் அண்ணன் மகள். உறவினர் வீட்டுத் திருமணங்களில் அவளை அறிமுகப்படுத்தும்போது பெயருக்கு முன்னால் மதிப்பெண்ணைத்தான் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். பாராட்டு நல்லதுதான். ஆனால், அந்தப் பிள்ளை என்ன செய்ததால் வெற்றி பெற்றது என்று யாரும் பேசுவதில்லை. 'நீ இயல்பிலேயே இப்படி' என்று சொல்லிவிடுகிறோம். பிறகு அந்தப் பெயரைக் காப்பாற்றுவதே அதன் முழுநேர வேலையாகிவிடுகிறது.

இது ஒரு வீட்டுப் பிரச்சினை மட்டுமன்று. அனைத்துலக அளவில் 15 வயது மாணவர்களைச் சோதிக்கும் பிசா ஆய்வை நீங்கள் அறிந்திருப்பீர்கள். 2015ஆம் ஆண்டு ஆய்வில் சிங்கப்பூர் மாணவர்கள் கணிதம், அறிவியல், வாசிப்பு மூன்றிலும் முதலிடம் பெற்றனர். அதே மாணவர்களிடம் இன்னொரு கேள்வியும் கேட்கப்பட்டது. நன்றாகத் தயார் செய்திருந்தாலும் தேர்வை நினைத்தால் மிகவும் பதற்றமாக இருக்கிறது என்று 76 விழுக்காட்டினர் கூறினர். ஆய்வை நடத்திய அமைப்பின் உறுப்பு நாடுகளில் சராசரி 55 விழுக்காடுதான். தோற்றுவிடுவோமோ என்ற அச்சத்திற்கு நாம் அன்றாடம் பயன்படுத்தும் 'கியாசு' என்ற ஹொக்கியன் சொல் ஆக்ஸ்ஃபர்ட் ஆங்கில அகராதியிலேயே இடம் பிடித்திருக்கிறது. பெருமைப்படுவதா, வருந்துவதா என்று எனக்குத் தெரியவில்லை.

மேல்நாடுகளிலும் இதே கதைதான். தாமஸ் கரன், ஆண்ட்ரூ ஹில் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்கா, கனடா, பிரிட்டன் ஆகிய நாடுகளின் கல்லூரி மாணவர்கள் 41,641 பேரைப் பற்றிய தரவுகளைத் திரட்டினர். 1989 முதல் 2016 வரையிலான தரவுகள் அவை. முழுமைவாதத்தில் மூன்று வகை உண்டு: நான் குறையில்லாமல் இருக்க வேண்டும் என்று நானே எதிர்பார்ப்பது, மற்றவர்கள் குறையில்லாமல் இருக்க வேண்டும் என்று நான் எதிர்பார்ப்பது, நான் குறையில்லாமல் இருக்க வேண்டும் என்று மற்றவர்கள் எதிர்பார்க்கிறார்கள் என்று நம்புவது. மூன்றுமே உயர்ந்திருந்தன. ஆனால், மிக அதிகமாக உயர்ந்தது கடைசி வகை, 33 விழுக்காடு. உலகமே தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்ற எண்ணம்தான் அது. உண்மையில், உலகம் அவரவர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

கல்வி நிலையங்களும் இதைக் கவனிக்காமல் இல்லை. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் 2014ஆம் ஆண்டில் முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒரு புதிய ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. முதல் பருவத்தில் பெறும் தரநிலைகள், மாணவர் விரும்பினால், ஒட்டுமொத்தச் சராசரியில் சேர்க்கப்படமாட்டா. தவறு செய்து பழக ஒரு பருவம்! உங்கள் பள்ளிகளிலும் அரையாண்டுத் தேர்வுகள் இப்போது இல்லை. ஆயினும், விதிகள் மாறுவதைப்போல மனம் அவ்வளவு விரைவில் மாறுவதில்லை.

அந்த இரவுக்குத் திரும்புவோம். அறிவுரை சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறதா என்று முதலில் தயங்கினேன். ஏனென்றால், நான் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் ஒரு சிறுகதைப் போட்டிக்காகக் கதை எழுதினேன். எட்டு முறை திருத்தினேன். கடைசி நாள் வந்தது, போனது. கதை என் மேசை அறைக்குள்ளேயே இருந்தது. "நேரம் கிடைக்கவில்லை" என்று நண்பர்களிடம் சொன்னேன். பல ஆண்டுகள் எனக்கும் அதையே சொல்லிக்கொண்டேன். நேரம் இருந்தது. நடுவர்கள் படித்துவிடுவார்கள் என்பதுதான் பிரச்சினை. இதை அவளிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"ஆனால், பெரிய அறிஞர்கள் எல்லாம் தவறில்லாமல்தானே எழுதினார்கள், சித்தப்பா? ஒரு தொகையைக்கூட உறுதி செய்யாமல் நான் எப்படிக் கொடுப்பது?" என்று கேட்டாள்.

எனக்கு உ.வே.சாமிநாத ஐயரின் நினைவு வந்தது. கரையானுக்கு இரையாகிக்கொண்டிருந்த ஏட்டுச் சுவடிகளைத் தேடித் தேடி அச்சேற்றிய 'தமிழ்த் தாத்தா' அவர். 1880ஆம் ஆண்டில் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியார் அவரிடம் சீவக சிந்தாமணியைப் படித்திருக்கிறீர்களா என்று கேட்டார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்ட உ.வே.சா. அந்த நூலை அறிந்திருக்கவில்லை. வெட்கப்பட்டு ஒதுங்கிவிடாமல் படிக்கத் தொடங்கினார். ஏட்டுக்கு ஏடு பாடம் வேறுபட்டது. சமணக் கருத்துகள் விளங்கவில்லை. ஊரில் இருந்த சமணர்களிடம் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டார். இப்படி ஏழு ஆண்டுகள் உழைத்து, 1887இல் நூலை வெளியிட்டார்.

அதோடு வேலை முடிந்துவிட்டதா? இல்லை. மேலும் ஏடுகளைத் தேடினார், கற்றார், திருத்தினார். சிந்தாமணியின் இரண்டாம் பதிப்பு 1907இல் வந்தது. மூன்றாம் பதிப்பு 1922இல் வந்தது. முதல் பதிப்பு வந்தபோது அவருக்கு வயது 32. மூன்றாம் பதிப்பின்போது 67. எல்லாம் சரியான பிறகே வெளியிடுவேன் என்று அவர் காத்திருந்தால், 35 ஆண்டுகள் தமிழுலகம் அந்தப் பதிப்பைப் பார்த்திருக்காது. பத்துப்பாட்டும் சிலப்பதிகாரமும் புறநானூறும் அவருடைய மேசையில் தத்தம் முறைக்காகக் காத்துக்கிடந்திருக்கும். அவரைவிடக் கவனமான ஆசிரியரைக் காண்பது அரிது. அந்தக் கவனம் அவரை வெளியிடவிடாமல் தடுக்கவில்லை.

"அந்தப் பெரியவர்கள் இருவரும் சொன்னதை அப்படியே எழுதேன். ஒருவர் இப்படிச் சொன்னார், மற்றவர் அப்படிச் சொன்னார் என்று. அதுவும் வரலாறுதானே?" என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "படித்துக் காட்டட்டுமா?" என்றாள். மணி இரண்டு. 'இதுதான் இறுதி' என்ற கோப்பை உரக்கப் படித்தாள். எனக்கு வரலாறு அதிகம் தெரியாது. ஆனால், மழை பெய்த ஒரு நாளில் அரங்கத்திற்குள் எல்லாரும் ஒதுங்கி நின்றதைப் பற்றிப் பெரியவர் ஒருவர் சொன்ன பகுதி மிக நன்றாக இருந்தது. அது எட்டாவது பத்தியில் இருந்தது. முதல் பத்தியையே திருத்திக்கொண்டிருந்தவள் அந்தப் பகுதியைப் பல நாளாகத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

மறுநாள் காலையில் அவள் தன் அம்மாவிடம் முதல் கட்டுரையைப் பற்றிச் சொன்னாள். வீட்டில் கொஞ்சம் புயல் அடித்தது. வெள்ளிக்கிழமை மாலை 7 மணிக்குக் கட்டுரையை அனுப்பிவிட்டதாக எனக்குக் குறுஞ்செய்தி வந்தது. அடுத்த ஐந்து நிமிடத்தில் இன்னொரு செய்தி: "மூன்றாம் பக்கத்தில் ஓர் எழுத்துப் பிழை இருக்கிறது சித்தப்பா!!!" மூன்று ஆச்சரியக்குறிகள். பதிலுக்கு நான் ஒரு சிரிப்பு முகத்தை அனுப்பினேன்.

மூன்று வாரங்கள் கழித்துக் கட்டுரை திரும்பி வந்தது. அவள் வழக்கமாக வாங்கும் தரநிலை இல்லை; அதைவிடக் குறைவு. ஓரங்களில் விரிவுரையாளரின் குறிப்புகள் பதினான்கு இருந்தன. எழுத்துப் பிழையை அவர் கண்டுகொள்ளவே இல்லை. நுழைவுக் கட்டணம் பற்றிய பகுதிக்கு எதிரே மட்டும் ஒரு வரி எழுதியிருந்தார்: அந்தக் காலச் செய்தித்தாள் விளம்பரங்களைப் பார்த்தீர்களா?

"நான்கு இரவுகள், சித்தப்பா! ஒரு வரியில் சொல்லிவிட்டார்," என்று தொலைபேசியில் புலம்பினாள். குரலில் அழுகை இருந்தது. கொஞ்சம் சிரிப்பும் இருந்தது.

அந்தச் சனிக்கிழமை அவளோடு விக்டோரியா ஸ்திரீட்டில் உள்ள தேசிய நூலகத்திற்குப் போனேன். ஜாலான் புசாரிலிருந்து நடந்தே போனோம். விளக்குக் கடைகளில் பட்டப்பகலிலேயே எல்லா விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன. முன்பு சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை இருந்த பகுதியைக் கடக்கும்போது, 2017இல் அது மூடப்படுவதற்கு முன் அங்கே வாங்கிய பழைய கைக்கடிகாரத்தைப் பற்றி நான் சொல்லிக்கொண்டு வந்தேன். அவள் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. அடுத்த கட்டுரையைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தாள் போலும். ஜாலான் புசார் விளையாட்டரங்கம், 1929இல் திறக்கப்பட்டது, காற்பந்து என்று தனக்குத்தானே முணுமுணுத்தாள்.

நூலகத்தின் வாசலில் திடீரென்று நின்றாள்.

"சித்தப்பா, நீங்கள் அனுப்பாத அந்தக் கதை இன்னும் இருக்கிறதா?"

"இருக்கிறது."

"நான் படிக்கத் தருவீர்களா?"

'இன்னும் கொஞ்சம் திருத்த வேண்டும்' என்ற சொற்கள் என் நாக்கின் நுனிவரை வந்துவிட்டன.